பச்சை எரியுது தம்பி

செங்கோட்டை வட்டாரத்தில் இடி விழுந்தால் முதலில் போவது தென்னை மரம். கோடை மழைக்கு முன்னோடியாக வரும் மின்னலிலும், ஐப்பசி கார்த்திகையிலும் எங்காவது ஒரு தோப்பில் கொண்டை கருகிய மரம் ஒன்று நின்றுகொண்டிருக்கும். என் மாமனார் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஆயுசு முழுக்கத் தோப்பு பார்த்தவர். அவருக்குப் பொறுக்காதது, தோப்பில் விழுந்த இடி வீட்டுக்குள் வந்து ரவுட்டரைச் சுட்டதுதான். “மரத்துல விழுந்தது மரத்தோட போகணும். அது எந்த வழியா மாப்ளே நம்ம வீட்டுக்கு வருது?” என்று கேட்டார்.

வழி, மண்ணுக்குள் பிளாஸ்டிக் குழாயில் கிடந்த செம்புக் கேபிள். வீட்டிலிருந்து தோப்பு வீடு ஏறக்குறைய 140 மீட்டர். தேங்காய்த் திருட்டும் காட்டுப்பன்றித் தொல்லையும் மிஞ்சிப் போனபோது அங்கே கேமராக்கள் வைத்தார்கள். செம்பில் ஈதர்நெட் 100 மீட்டருக்கு மேல் போகாது என்பதால் நடுவே மோட்டார் அறையில் ஒரு சின்ன சுவிட்ச். இடி விழும்போது அந்த இடத்து மண்ணின் மின்னழுத்தம் ஒரு கணம் எகிறுகிறது. அங்கே ஒரு எர்த், வீட்டில் ஒரு எர்த், இரண்டுக்கும் நடுவில் நீளமாகச் செம்பு. ஏற்றத்தாழ்வு அந்தக் கம்பி வழியாகவே சமனாகிறது; போகிற போக்கில் இரண்டு முனையிலும் உள்ள போர்ட்டுகளை எரித்துவிட்டுப் போகிறது. கேபிள்மேல் இடி நேராக விழ வேண்டிய அவசியமே இல்லை.

கண்ணாடி இழை போட்டுவிடலாம் மாமா, அதில் மின்சாரம் பாயாது என்றேன். வயர்லெஸ் வைத்தால் செலவு குறையும் என்று மைத்துனன் சொன்னான். நடுவில் இத்தனை மரங்கள் மழையில் ஓலை விரித்து ஆடும்போது அது எப்படி நிற்கும் என்று அவனுக்குப் பதில் சொல்லும் வேலையை மாமாவே பார்த்துக்கொண்டார். வீட்டுக்குப் புதிதாக வாங்கிய ரவுட்டரில் எஸ்எஃப்பி போர்ட் ஒன்று இருந்தது; ஒளி அனுப்பி வாங்கும் மாட்யூலைச் செருகும் குழி அது. தோப்பு வீட்டுக்கு இரண்டு எஸ்எஃப்பி குழியுள்ள, விலை குறைந்த ஒரு சுவிட்ச். 2022 கோடையில் வேலை தொடங்கியது.

கேபிள் இழுத்து ஒட்டு போட தென்காசியிலிருந்து ஒரு தம்பி வந்தார். ஸ்ப்ளைஸிங் மெஷின், கிளீவர், பவர் மீட்டர், சிவப்பு லேசர் பேனா எல்லாம் ஒரே பையில். முதலில் அவர் கொண்டுவந்தது, வீடுகளுக்கு இன்டர்நெட் கொடுக்கத் தெருவில் கம்பத்துக்குக் கம்பம் இழுக்கிறார்களே, அந்தக் கறுப்புக் கேபிள். தொங்கவிட வசதியாக அதன் ஓரத்தில் ஒரு எஃகுக் கம்பி ஓடும். இடிக்குப் பயந்து கண்ணாடிக்கு மாறிவிட்டு, கூடவே ஓர் எஃகுக் கம்பியையும் வீட்டுக்குள் கொண்டுவருவதில் அர்த்தமில்லை. கம்பி இல்லாத, வலுவுக்கு நாரிழைப் பிளாஸ்டிக் மட்டும் வைத்த கேபிள்தான் வேண்டும் என்று நின்றேன். “இதையே எல்லாரும் போடுறாங்க சார்” என்றார். மாமா இந்த இடத்தில் மட்டும் என் பக்கம் நின்றார். கேபிள் மாறி வந்தது.

சென்னை ரிச்சி தெருவில் ஒரு கடையில் மாட்யூல் ஒரு ஜோடி வாங்கி வந்திருந்தேன். ‘சிங்கிள் கோர்’ என்று கடைக்காரர்கள் சொல்லும் ரகம். ஒரே இழையில் போவதும் வருவதும் நடக்கும். போகிற ஒளி ஒரு அலைநீளம், வருகிற ஒளி இன்னொன்று. செருகினோம். வீட்டு ரவுட்டரில் விளக்கு எரியவில்லை. தோப்பு சுவிட்ச்சிலும் இல்லை.

ஒட்டு போட்ட தம்பி தோப்பு வீட்டு முனையைக் கழற்றித் தன் மீட்டரில் செருகினார். மைனஸ் 9. “சிக்னல் சூப்பரா வருது சார், உங்க பெட்டியிலதான் ஏதோ” என்றார். வீட்டு முனையிலும் அதேபோல நல்ல அளவு. ஆனால் ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்தில் பார்த்தால், வந்து சேரும் ஒளி மைனஸ் 40. அதாவது கும்மிருட்டு. மீட்டருக்கு வெளிச்சம், மாட்யூலுக்கு இருட்டு, இழையோ ஒன்றே.

இந்த இடத்தில் கேபிளைச் சந்தேகிப்பதை நிறுத்தியாக வேண்டும். மீட்டருக்கு எந்த அலைநீளமும் வெளிச்சம்தான். மாட்யூல் அப்படி அல்ல. உள்ளே இருக்கும் வடிகட்டி தனக்கென்று வைத்த ஒரு நிறத்தை மட்டுமே உள்ளே விடும். இரண்டு மாட்யூலையும் உருவி, தேங்காய் உரிக்கும் இடத்து வெளிச்சத்தில் வைத்து ஒட்டியிருந்த சீட்டைப் படித்தோம். இரண்டிலும் அனுப்புவது 1310 நானோமீட்டர், வாங்குவது 1550. இரண்டின் கைப்பிடியும் நீலம். கடையில் ஜோடி என்று சொல்லி ஒரே ரகத்தில் இரண்டைக் கொடுத்திருந்தார்கள். இரண்டும் 1310இல் பேசின. 1550 வருமா என்று காத்திருந்தன. மாமா நீலக் கைப்பிடிகளைப் பார்த்துவிட்டு, “ரெண்டும் ஒரே கோத்திரம். சம்பந்தம் எப்படி அமையும்?” என்றார். மஞ்சள் கைப்பிடி வந்து சேரும்வரை கேமராக்கள் அட்டைப்பெட்டியிலேயே கிடந்தன.

மஞ்சள் வந்ததும் ரவுட்டரில் எண் தெரிந்தது. மைனஸ் 17. வந்ததே போதும் என்று தம்பி பையைக் கட்டத் தொடங்கினார். அந்த மாட்யூல் மைனஸ் 22 வரை தாங்கும் என்று அதன் விவரத்தாளில் இருந்ததால் அவர் சொல்வதில் தப்பில்லைதான். எனக்கு மனசு ஒப்பவில்லை. இந்த டெசிபெல் கணக்கில் சுழியம் என்றால் 1 மில்லிவாட். மைனஸ் 10 என்றால் அதில் பத்தில் ஒரு பங்கு, மைனஸ் 20 என்றால் நூறில் ஒரு பங்கு. அந்தப் பக்கம் புறப்படுவது மைனஸ் 6 சொச்சம். 140 மீட்டர் வருவதற்குள் பத்துக்கும் மேல் எங்கே தொலைந்தது?

கண்ணாடியே விழுங்கியிருக்குமா? 1966இல் இங்கிலாந்தில் சார்லஸ் காவ், ஹாக்காம் என்ற இருவர் ஒரு கட்டுரை எழுதினார்கள். அன்றைய கண்ணாடியில் ஒளி கிலோமீட்டருக்கு 1000 டெசிபெல் அளவில் செத்துப்போகும். குற்றம் கண்ணாடியுடையது அல்ல, அதில் கலந்த அழுக்குடையது. அழுக்கை நீக்கி 20 டெசிபெல்லுக்குக் கொண்டுவந்தால் தொலைபேசிக்குப் போதும் என்பது அவர்கள் வாதம். அமெரிக்காவின் கார்னிங் நிறுவனத்தில் 1970இல் அந்த 20ஐ எட்டினார்கள். காவுக்கு 2009இல் நோபெல் பரிசு வந்தது. இன்றைக்குத் தெருவில் இழுக்கிற சாதாரண இழையிலேயே 1310இல் கிலோமீட்டருக்கு 0.35 டெசிபெல் அளவுதான் இழப்பு. எங்கள் 140 மீட்டருக்கு அது சாதாரண மீட்டரில் பிடிபடாத அளவு. ஆகவே ஒளி தொலைந்தது வழியில் அல்ல, முனைகளில்.

முனையைப் பார்த்தேன். பச்சை. இன்டர்நெட் இணைப்பு கொடுக்கும் தம்பிமார் கையில் எப்போதும் இருப்பது பச்சைக் கனெக்டர்தான். அதன் நுனியை 8 டிகிரி சாய்வாகத் தேய்த்திருப்பார்கள், எதிரொளி திரும்பிப் போகாமலிருக்க. எங்கள் மாட்யூலின் வாய் நீல வகைக்கானது. அதன் நுனி சாயாமல் லேசான குவிவாக இருக்கும். பச்சை நீலத்துக்குள் இடிக்காமல் நுழையும், ‘கிளிக்’ என்று பூட்டவும் செய்யும். ஆனால் சாய்ந்த முகமும் நேர் முகமும் பொருந்தாமல் நடுவில் காற்று நிற்கும். ஒளி ஓடும் நடுப்பகுதி வெறும் 9 மைக்ரான். அங்கே இடைவெளி என்பதும் தூசி என்பதும் சின்ன விஷயங்கள் அல்ல. மாட்யூல் பக்கம் நீல நுனி உள்ள பேட்ச் கார்டு (ஒட்டுப் பெட்டியிலிருந்து மாட்யூலுக்குப் போகும் இணைப்பு வயர்) மாற்றி, நுனியை ஆல்கஹால் தொட்ட துணியில் துடைத்துச் செருகினோம். மைனஸ் 8. தம்பி அதைத் தன் செல்போனில் படம் எடுத்துக்கொண்டார்.

ஒளி சரி. இணைப்பு இன்னும் இல்லை. அதிலும் பாதி இல்லை: தோப்பு சுவிட்ச்சில் பச்சை எரிந்தது, ரவுட்டரில் எரியவில்லை. கம்ப்யூட்டர் தொழிலில் இருப்பவர்களையே இது குழப்பும். ஒரு பக்கம் எரிந்தால் மறுபக்கமும் எரிய வேண்டாமா?

வேண்டாம். 1998இல் வகுக்கப்பட்ட ஜிகாபிட் ஃபைபர் தரத்தில், இரு முனைகளும் தொடங்கும் முன் ஒன்றோடொன்று சில குறிப்புகளைப் பரிமாறிக்கொள்ளும். செம்பில் நடப்பதுபோல வேகம் என்ன என்ற பேச்சு இதில் கிடையாது. நான் இருக்கிறேன், நீ சொல்வது எனக்குக் கேட்கிறது, என் பக்கம் பழுது உண்டு அல்லது இல்லை என்ற அளவில்தான். இந்தப் பரிமாற்றம் முடிந்தால்தான் இணைப்பு எழுந்ததாகக் கணக்கு. எங்கள் மலிவு சுவிட்ச்சில் அந்த வழக்கமே இல்லை. ஒளி வந்தது, அதில் ஒழுங்கான துடிப்பு இருக்கிறது, அது போதும் என்று பச்சையைப் போட்டுவிட்டது. ரவுட்டர் முறைப்படி குறிப்பு வரும் என்று காத்துக்கொண்டே இருந்தது. சுவிட்ச்சில் மாற்ற வழியில்லாததால் ரவுட்டரில் அந்தப் பரிமாற்றத்தை அணைத்து, 10 ஜிகாபிட் வரை போகக்கூடிய அந்தப் போர்ட்டை 1 ஜிகாபிட் என்று கட்டிவைத்தேன். அப்போதே இரண்டு பக்கமும் எரிந்தன. அன்றிரவு பன்றிக் கூட்டம் ஒன்று கேமராவில் தெளிவாகத் தெரிந்தது. மாமா விடியும்வரை தூங்கவில்லை என்று மறுநாள் அத்தை குறைப்பட்டார்.

பிறகு சாரல் தொடங்கியது.

ஆரியங்காவுக் கணவாய் வழியாகக் காற்று இறங்கும்போது செங்கோட்டையில் மழை மேலிருந்து விழாது, பக்கவாட்டில் வரும். ஆனி மாதம் சென்னைக்கு மாமாவின் போன். “சாரல் அடிச்சா கேமரா போயிடுது மாப்ளே. வெயில் வந்தா வந்துடுது.” ஊரில் இதற்கு எல்லோரும் ஒரே காரணம்தான் சொன்னார்கள்: ஒட்டுக்குள் தண்ணீர். தம்பி போய்த் தோப்பு வீட்டுத் தாழ்வாரத்தில் இருந்த ஒட்டுப் பெட்டியைத் திறந்தார். ஒரு துளி ஈரம் இல்லை. ஆனாலும் கூப்பிட்டுவிட்டார்களே என்று ஒட்டை வெட்டி மறுபடி போட்டார். மீட்டரில் எல்லாம் நன்றாக இருந்தது. சாரல் அடித்தது, கேமரா போனது.

சென்னையிலிருந்தே ரவுட்டருக்குள் போய்ப் பார்க்க முடியும். வரும் ஒளியின் அளவை அது நேரத்தோடு குறித்து வைக்கும்படி செய்திருந்தேன். கேமரா போன பொழுதுகளில் எல்லாம் மைனஸ் 8 என்பது சட்டென்று மைனஸ் 27க்கு விழுந்திருந்தது. படிப்படியாக அல்ல, ஒரே வீழ்ச்சி. தண்ணீர் ஊறினால் அளவு மெதுவாகக் குறையும் என்று தோன்றியது. மின்சாரம் போயிருந்தால் மைனஸ் 40 காட்டியிருக்கும். 27 என்பது செத்த எண் அல்ல. யாரோ கழுத்தைப் பிடித்திருக்கிறார்கள்.

தோப்புக் காவல்காரருக்கு என் மாமனாரைவிட வயது அதிகம். அவரிடம் போனில், சுவிட்ச்சில் விளக்கு எரிகிறதா என்று பார்க்கச் சொன்னேன்.

“பச்சை எரியுது தம்பி.”

“கரண்ட் பச்சையா இருக்கும் பெரியவரே. அது எப்பவும் எரியும்.”

“கரண்டு லைட்டு அந்தக் கடைசியில தனியா இருக்கு. நான் சொல்றது, மஞ்ச வயரு போற ஓட்டைக்கு மேல இருக்கிற பச்சை. அதுவும் எரியுது.”

அவர் சொன்னதை மாமா நம்பவில்லை, மைத்துனனும் நம்பவில்லை. கேமரா வரவில்லை, பச்சை மட்டும் எப்படி எரியும்? கிழவனுக்குக் கண் தெரியவில்லை என்று முடிவு கட்டினார்கள். ஆனால் அந்த ஒரு வாக்கியம்தான் வழக்கையே திருப்பியது. சுவிட்ச்சுக்கு ஒளி வந்துகொண்டிருக்கிறது. அதாவது வீட்டிலிருந்து தோப்புக்குப் போகும் 1310 நன்றாகப் போய்ச் சேர்கிறது. தோப்பிலிருந்து வீட்டுக்கு வரும் 1550 மட்டும் வழியில் சாகிறது. இரண்டும் ஓடுவது ஒரே இழையில், ஒரே ஒட்டு வழியாக, ஒரே கனெக்டர் வழியாக. கனெக்டரில் அழுக்கு என்றால் இரண்டையும் ஏறக்குறைய ஒன்றாக மறைக்கும். இழை அறுந்தால் இரண்டும் போகும். தோப்பு மாட்யூலே பழுது என்றால் அது சாரலைப் பார்த்து நடந்துகொள்ளாது. ஒரே வழியில், நீள அலையை மட்டும் குறிவைத்துக் கொல்லும் சங்கதி எனக்குத் தெரிந்து ஒன்றுதான்: வளைவு.

நேரான இழையில் 1550தான் கெட்டி. கிலோமீட்டருக்கு 0.2 டெசிபெல் அளவே இழப்பு. நெடுந்தொலைவுக் கேபிள்களில் அதைப் பயன்படுத்துவது அதனால்தான். ஆனால் அலை நீளமாக ஆக, ஒளி நடுப்பகுதியில் அடங்கி ஓடாமல் ஓரத்துக்குப் பரவிக்கொண்டு ஓடும். இழையை மடக்கினால் ஓரத்தில் ஓடுவதுதான் முதலில் வெளியே கசியும். 1310 பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பிவிடுகிற வளைவில் 1550 கவிழ்ந்துவிடும். எங்கோ ஓர் இடத்தில், சாரல் அடிக்கும்போது மட்டும், கேபிள் மடங்குகிறது.

மடங்கினால் வெளிச்சம் எங்கே கசிகிறது என்று கண்ணால் பார்த்துவிடலாம். மாட்யூலின் ஒளி கண்ணுக்குத் தெரியாது. தெரியவில்லையே என்று உள்ளே எட்டிப் பார்க்கவும் கூடாது. அதற்குத்தான் தம்பியின் சிவப்பு லேசர் பேனா. ஆடியில் நான் ஊருக்குப் போனபோது அவரையும் வரச் சொல்லியிருந்தேன். வானம் வெளுத்துக் கிடந்தது. எல்லாம் ஒழுங்காக ஓடியது. தாழ்வாரத்துப் பெட்டியிலிருந்து சுவிட்ச் வரை பேட்ச் கார்டின்மேல் விரலை ஓட்டிக்கொண்டே போனேன். பெட்டி வெளியே, சுவிட்ச் உள்ளே. சுவரில் துளை போடச் சோம்பியோ என்னவோ, அந்த மஞ்சள் வயரை ஜன்னல் வழியாக உள்ளே விட்டிருந்தார்கள். பழைய வேம்புக் கதவு, இரும்புக் கொண்டி.

“பெரியவரே, இந்த ஜன்னலைச் சாத்துவீங்களா?”

“சாரல் அடிச்சா சாத்தாம என்ன செய்ய? உள்ளாற மெஷின் இருக்குல்ல. நனைஞ்சு போச்சுன்னா அண்ணாச்சி என்னைத்தான் கேப்பாக.”

தம்பி பேனாவைச் செருகினார். விளக்கை அணைத்துவிட்டு ஜன்னலைச் சாத்தி, கொண்டியை இறுக்கினோம். நிலைச்சட்டத்தின் ஓரத்தில் மஞ்சள் உறைக்குள்ளிருந்து சிவப்பு கசிந்தது. மாட்யூலைத் திரும்பச் செருகி, செல்போனில் ரவுட்டரின் எண்ணை வைத்துக்கொண்டு கதவைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாத்திப் பார்த்தோம். திறந்திருந்தால் 8. சும்மா சாத்தி வைத்தால் 14. கொண்டி போட்டால் 27. சுவிட்ச்சில் பச்சை அசையவே இல்லை. பெரியவர் அதைச் சுட்டிக்காட்டவும் இல்லை. வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டார். மாமாதான் மைத்துனனைப் பார்த்து, “கண்ணு தெரியலைன்னு சொன்னது யாருல?” என்றார். அந்தப் பழியில் பாதி தன்னுடையது என்பதை மறந்துவிட்டார்.

சாதாரண பேட்ச் கார்டை 3 சென்டிமீட்டர் ஆரத்துக்குக் கீழே வளைக்காமல் இருப்பது நல்லது. வளைவு தாங்கும் ஜி.657 வகை இழை இருக்கிறது. அதில் ஏ2 என்ற ரகம் 7.5 மில்லிமீட்டர் ஆரம் வரை தாங்கும். அதில் ஒரு பேட்ச் கார்டு வரவழைத்து, சுவரில் துளை போட்டு, பிளாஸ்டிக் குழாய் வைத்து உள்ளே விட்டோம். ஜன்னல் ஜன்னலாக ஆனது.

எனக்கு உறுத்திக்கொண்டிருந்தது வேறு. வீட்டுப் பக்கம் ஒன்றும் கேட்காதபோதும் தோப்புப் பக்கம் எல்லாம் சரி என்று பச்சை காட்டிக்கொண்டிருந்ததே, அது. குறிப்புப் பரிமாற்றம் இருந்திருந்தால், வீட்டு முனை செவிடானதுமே அது பழைய குறிப்புகளை மறுபடி அனுப்பத் தொடங்கியிருக்கும். தோப்பு முனையும் விளக்கை அணைத்திருக்கும். அது இல்லாத சுவிட்ச்சின் விளக்கு, தன் காதில் விழுவதை மட்டுமே சொல்லும். தான் பேசுவது போய்ச் சேர்ந்ததா என்று அதற்குத் தெரியாது. இதற்காக ஓடிக்கொண்டிருக்கிற சுவிட்ச்சை மாற்றச் சொல்லி மாமாவிடம் காசு கேட்கும் துணிச்சல் எனக்கு வரவில்லை.

ஐப்பசியில் இடியே அந்த வேலையைச் செய்தது. தோப்பில் கிணற்றுப் பக்கம் விழுந்து, இரண்டு கேமராவும் சுவிட்ச்சும் போயின. கேமராக்களிலிருந்து சுவிட்ச்சுக்கு வந்தது செம்புதானே. வீட்டில் ரவுட்டருக்கு ஒன்றும் ஆகவில்லை. டிவி ஓடிக்கொண்டே இருந்தது. எரிந்த சுவிட்ச்சிலிருந்து உருவிய மஞ்சள் கைப்பிடி மாட்யூல் வேறு பெட்டியில் வேலை செய்தது. புது சுவிட்ச்சை மாமாவே கடைக்குப் போய் வாங்கினார், நான் எழுதிக் கொடுத்த சீட்டோடு. அதில் ஃபைபர் போர்ட்டுக்கும் பரிமாற்றம் உண்டு. ரவுட்டரில் அணைத்து வைத்திருந்ததைத் திரும்பப் போட்டேன். சரியாக நடக்கிறதா என்று பார்க்க, தோப்பு வீட்டில் பேட்ச் கார்டை விரலில் சுற்றி மடக்கினேன். ஏ2 இழை ஒரு சுற்றுக்கெல்லாம் மசியவில்லை. பழைய பேட்ச் கார்டைத் தேடி எடுத்து மாட்டி மடக்கியபோது இரண்டு பக்கமும் சேர்ந்தே அணைந்தன.

“இனிமே பச்சை எரியலைன்னா போன் போடட்டா தம்பி?” என்று பெரியவர் கேட்டார்.

போடுங்க என்றேன்.